இரும்பைத் தின்ற தண்ணீர்

எனது புத்தக அலமாரியில், பொருளாதார நூல்களுக்கு நடுவே, ஒரு பழைய வார்ப்பிரும்புச் சக்கரம் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஓடிய பம்புசெட்டின் இம்பெல்லர் அது. அதன் வெளிவிளிம்பு இன்றும் வழவழப்பாகவே உள்ளது. ஆனால், நீர் நுழையும் நடுத்துளை வழியாகப் பார்த்தால், உள்ளே இருக்கும் இதழ்கள் கறையான் அரித்த மரத்தைப்போலப் பொத்தலாகிக் கிடப்பது தெரியும். அறுபது வயதைக் கடந்த பிறகுதான் அந்தப் பொத்தல்களின் பொருள் எனக்கு விளங்கியது. விளங்கவைத்தவர், 1931-இல் மறைந்துவிட்ட சர் சார்லஸ் பார்சன்ஸ் என்னும் கப்பல் பொறியாளர்.

திண்டுக்கல் சமவெளியில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறுகூட இல்லை. கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை என்று இருபுறமும் மலைகள் நின்றாலும், குடகனாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே காட்சி தரும். பாறையைக் குடைந்து தோண்டிய கிணறுகளே இங்கு விவசாயத்துக்கு ஆதாரம். கமலை போய் மின்மோட்டார் வந்தபோது, கிணற்றின் உட்சுவரில் பாதி ஆழத்தில் ஒரு திட்டு கட்டி, அதில் மோட்டாரை வைப்பது வழக்கமாயிற்று. மோட்டார் திட்டில் இருக்கும். அதிலிருந்து இறங்கும் உறிஞ்சுகுழாய் தண்ணீருக்குள் இருக்கும்.

நான் பள்ளியில் படித்த எழுபதுகளில் வறட்சி வந்தது. தண்ணீர் கீழே போகப்போக, என் தந்தை குழாயை நீட்டிக்கொண்டே போனார். மோட்டார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. திட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே சுமார் 25 அடி ஆனபோது பம்பிலிருந்து ஒரு விநோதமான சத்தம் எழத் தொடங்கியது. இரும்புப் பானைக்குள் சரளைக்கற்களைப் போட்டு உருட்டுவது போன்ற சத்தம். பம்பைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கல்கூட இருக்காது. ஒரு பருவம் முடிவதற்குள் இம்பெல்லர் அரித்துப்போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டார். அதுவும் அரித்தது. மூன்றாவதும் அப்படியே.

என் தந்தை ஒரு முடிவுக்கு வந்தார். நகரத்தில் பம்பு உதிரிபாகங்கள் விற்ற கடைக்காரர் மட்டமான இரும்பைத் தன் தலையில் கட்டிவிட்டார் என்பதே அந்த முடிவு. அந்தக் கடைக்காரர் அந்நியர் அல்லர். எங்கள் வீட்டுத் திருமணங்களுக்கு முதல் ஆளாக வந்து பந்தி பார்த்தவர். இரும்பில் குறையில்லை, மோட்டாரைத் தண்ணீருக்கு அருகில் இறக்கி வையுங்கள் என்று அவர் மீண்டும் மீண்டும் சொன்னார். பாறையில் புதுத் திட்டு வெட்டுவதற்குப் பணம் வேண்டும். திடீர் மழையில் மோட்டார் மூழ்கிவிடும் என்ற அச்சமும் இருந்தது. அதற்கும் மேலாக, விற்றவன் தன் பழியைக் கிணற்றின் மேல் போடுகிறான் என்று என் தந்தை நினைத்தார். கடைத்தெருவில் நாலுபேர் முன்னிலையில் வார்த்தை தடித்தது. அதன்பின் இருவரும் இறக்கும்வரை பேசிக்கொள்ளவில்லை.

இந்தக் கதையை நான் கல்லூரி வகுப்பறைக்கும் எடுத்துச் சென்றேன் என்பதுதான் இன்று என்னை உறுத்துவது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் சந்தையே கெட்டுப்போகும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அதற்காகப் பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். பழைய கார்களைப் பற்றி அவர் சொன்னதைத் திண்டுக்கல் மாணவர்களுக்குப் புரியவைக்க, நான் என் தந்தையின் இம்பெல்லரை உதாரணமாகச் சொல்வேன். கடையின் பெயரைச் சொன்னதில்லை. ஆனால், தெருவின் பெயரைச் சொன்னதுண்டு. மாணவர்கள் சிரித்தபடி குறிப்பெடுத்துக்கொள்வார்கள். சுமார் முப்பது ஆண்டுகள் இப்படி நடந்தது.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் பேரப்பிள்ளைகளுடன் கொடைக்கானல் வானாய்வகத்துக்குச் சென்றேன். நூற்றாண்டைத் தாண்டிச் சூரியனைக் கவனித்துவரும் இடம் அது. அதன் பழைய கருவிகளைப் பற்றிப் பிறகு வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன். 1912-இல் புனேயிலிருந்து அங்கு கொண்டுவரப்பட்ட 20 அங்குலத் தொலைநோக்கியைச் செய்தது, அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த கிரப் நிறுவனம் என்று அறிந்தேன். அந்த நிறுவனம் நொடித்துப்போனபோது, 1925-இல் அதை வாங்கிக் காப்பாற்றியவர் பார்சன்ஸ். கப்பல் இயந்திரம் செய்தவருக்குத் தொலைநோக்கி எதற்கு என்ற கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கைக்குள் நுழைந்தேன்.

விடை அவர் பிறந்த வீட்டிலேயே இருந்தது. 1854 ஜூன் 13 அன்று லண்டனில் பிறந்த சார்லஸ், ராஸ் பிரபுவின் கடைசி மகன். அந்தப் பிரபு அயர்லாந்தின் பர் என்னும் ஊரில், தன் கோட்டை வளாகத்தில், ஆறடி அகல உலோகக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை 1845-இல் நிறுவியவர். எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகில் அதைவிடப் பெரிய தொலைநோக்கி இருக்கவில்லை. அதற்கான உலோகத்தைக் காய்ச்சி வார்த்ததும் அந்தக் கோட்டையில்தான். அந்தக் கண்ணாடிகள் அவரிடம் எளிதில் வசப்படவில்லை. வார்த்தவை சில விரிசல்விட்டன, மீண்டும் வார்க்கப்பட்டன. அந்தப் பட்டறையின் சூழலில் வளர்ந்த சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வானியல் அறிந்த ஆசிரியர்கள் வீட்டுக்கே வந்து கற்பித்தார்கள்.

டப்ளினிலும் கேம்பிரிட்ஜிலும் கணிதம் படித்த அவர், 1877-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் பதினோராவது இடம் பெற்றார். பிரபு வீட்டுப் பிள்ளைகள் அப்போது அரசியலுக்கோ ராணுவத்துக்கோ தேவாலயத்துக்கோ செல்வார்கள். இவர் நியூகாசில் நகரின் ஆம்ஸ்ட்ராங் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வேலை கற்ற பிரபு மகன் என்பது அந்த நாளில் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

1884-இல், கேட்ஸ்ஹெட் நகரின் ஒரு நிறுவனத்தில் இளம் பங்குதாரராக இருந்தபோது, அவர் நீராவிச் சுழலியைச் செய்தார். டர்பைன் என்று நாம் இன்று அனல்மின் நிலையங்களில் காண்பதன் மூதாதை அது. நீராவியை ஒரே பாய்ச்சலில் விட்டால் அதன் வேகம் எந்த உலோகச் சக்கரமும் தாங்க முடியாததாகிவிடும். கொடைக்கானல் மலையோடை ஒரே குதியாக விழாமல் படிப்படியாகத் தாவி இறங்குவதைப்போல, அடுத்தடுத்து அமைந்த பல வரிசைத் தகடுகளின் ஊடாக நீராவியைச் சிறிது சிறிதாக விரியவிட்டார். அந்த முதல் இயந்திரம் நிமிடத்துக்கு 18,000 சுற்றுகள் சுழன்றது. அதன் ஆற்றல் சுமார் 7.5 கிலோவாட் மட்டுமே.

கூட்டாளிகளோடு கருத்து வேறுபாடு வந்து 1889-இல் அவர் வெளியேறியபோது, காப்புரிமைகள் பழைய நிறுவனத்திடமே தங்கிவிட்டன. தான் கண்டுபிடித்ததைத் தானே பயன்படுத்த முடியாத நிலை. நீராவி அச்சின் நெடுக ஓடும் அமைப்பு தடைப்பட்டதால், அது நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் வேறோர் அமைப்பைச் செய்து ஐந்து ஆண்டுகள் தொழில் நடத்தினார். 1894-இல்தான் தன் உரிமைகளை மீட்டார். காப்புரிமை புதுமையை ஊக்குவிக்கிறதா, முடக்குகிறதா என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறோம். இரண்டுக்குமே பார்சன்ஸின் அந்த ஐந்து ஆண்டுகளைச் சான்று காட்டலாம்.

உரிமை மீண்ட அதே ஆண்டில் அவர் ஒரு கப்பலைக் கட்டினார். டர்பீனியா என்று பெயர். நீளம் ஏறத்தாழ 100 அடி, அகலம் ஒன்பதே அடி, எடை 44 டன்னுக்குச் சற்று அதிகம். கட்டுவதற்கு முன், இரண்டடி நீள மாதிரி ஒன்றைச் செய்து, மீன்தூண்டில் கோலில் நூலைக் கட்டிக் குளத்தில் இழுத்துப் பார்த்திருக்கிறார். கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனால், 1894 நவம்பரில் டர்பீனியா கடலில் இறங்கியபோது மணிக்கு 20 நாட் வேகத்தைக்கூடத் தொடவில்லை. 20 நாட் என்பது சுமார் 37 கி.மீ. இயந்திரம் முழு ஆற்றலுடன் சுழன்றது. கப்பல் நகர மறுத்தது.

புரொப்பல்லர் என்று நாம் சொல்லும் கப்பல் விசிறியை மாற்றிப் பார்த்தார். ஒன்றல்ல, பல வடிவங்களில் விசிறிகளைச் செய்து பொருத்தினார். பயன் சிறிதளவே. இந்த இடத்தில் ஒருவர் இரண்டு வழிகளில் செல்லலாம். இயந்திரத்தின் மீதோ, விசிறி செய்தவர் மீதோ பழி போடலாம். என் தந்தையும் அவரைப் பின்பற்றிய நானும் அப்படித்தான் செய்தோம். பார்சன்ஸ் தண்ணீரைச் சந்தேகித்தார்.

விசிறி இதழ் சுழலும்போது அதன் ஒரு பக்கம் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மறுபக்கம் தண்ணீரை இழுக்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கொடைக்கானலில் பருப்பு வேக நேரமாவதன் காரணம் இதுதான். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போய், இயல்பான காற்றழுத்தத்தில் ஏறத்தாழ இருபத்துநான்கில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால், 30 டிகிரியில், அதாவது நம் கிணற்றுத் தண்ணீரின் வெப்பத்திலேயே, அது கொதிக்கும். அடுப்பு வேண்டியதில்லை. மிக வேகமாகச் சுழலும் விசிறியின் முதுகில் நடப்பது இதுவே. தண்ணீர் அங்கே ஆவியாகிக் குமிழ்களாகப் பிளக்கிறது. விசிறி கெட்டியான நீரைப் பற்றித் தள்ளுவதற்குப் பதிலாகக் குமிழ்களின் குழிவில் வீணாகச் சுழல்கிறது. இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். அதே காலத்தில் டேரிங் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் சோதனைகளிலும் இதே சிக்கல் எழுந்திருந்தது. அதையொட்டியே 1895-இல் அந்தச் சொல் பொறியாளர்களிடையே புழக்கத்துக்கு வந்தது.

சந்தேகித்தால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று பார்சன்ஸ் நினைத்தார். கடலுக்கடியில் சுழலும் விசிறியை எப்படிப் பார்ப்பது? 1895-இல் அவர் செம்பினால் ஒரு வளையக் குழாயைச் செய்து, அதில் தண்ணீரைச் சுற்றிவரச் செய்தார். உள்ளே இரண்டு அங்குல விசிறி. பக்கத்தில் கண்ணாடிச் சன்னல். அவ்வளவு சிறிய விசிறியில் குமிழ் உண்டாக வேண்டுமானால் அதைப் பல்லாயிரம் சுற்றுகள் சுழற்ற வேண்டும். அதற்கு மாற்றாக, குழாயின் மேலிருந்த காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தார். தண்ணீரைச் சூடாக்கியும் பார்த்தார். குறைந்த வேகத்திலேயே குமிழ்கள் தோன்றின. சுழலும் விசிறி கண்ணுக்கு வெறும் மங்கலாகத் தெரியும் என்பதால், அச்சோடு சேர்ந்து சுழலும் கண்ணாடி ஒன்றின் மூலம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் ஒளி விழச் செய்தார். விசிறி அசையாமல் நிற்பதுபோலத் தோன்றியது. அதன் இதழ்களில் குமிழ்த் திரள் ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. ஒரு மேசையில் வைத்துவிடக்கூடிய அந்தச் செப்புக் குழாய்தான் உலகின் முதல் கேவிட்டேஷன் ஆய்வுச் சுரங்கம். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது. விசாகப்பட்டினத்தில் நமது கடற்படை ஆய்வகத்தில் இருக்கும் பெரிய சுரங்கம் உள்பட, இன்றைய சுரங்கங்கள் எல்லாம் அதன் வழிவந்தவையே.

கண்டதற்கு ஏற்பக் கப்பலை மாற்றினார். ஒரே விசிறியின் மேல் விழுந்த பாரத்தைப் பலவற்றுக்குப் பகிர்ந்தளித்தார். மூன்று அச்சுகள், அச்சுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகள். டர்பீனியா 34 நாட் வேகத்தைத் தாண்டியது. அன்று உலகில் அதைவிட வேகமான கப்பல் இல்லை. 1897 ஜூன் 26 அன்று, விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக ஸ்பிட்ஹெட் கடற்பகுதியில் அணிவகுத்து நின்ற போர்க்கப்பல்களுக்கு நடுவே, அந்தச் சின்னஞ்சிறு கப்பல் சீறிப் பாய்ந்தது. துரத்திச் சென்ற காவல் படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. இந்தக் காட்சியை எல்லோரும் ரசித்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு என்னவோ அந்தச் செப்புக் குழாயின் முன் அவர் குனிந்து நின்றிருக்கக்கூடிய நாட்களே பெரிதாகத் தெரிகின்றன.

வெற்றி விரைவிலேயே கசந்தது. சுழலி பொருத்திய முதல் இரு போர்க்கப்பல்களான வைப்பரும் கோப்ராவும் 1901-இல் ஏழு வாரங்களுக்குள் அழிந்தன. வைப்பர் மூடுபனியில் பாறையில் மோதியது. கோப்ரா கடலில் இரண்டாக முறிந்து 67 பேர் மாண்டனர். இறந்தவர்களில் பார்சன்ஸின் சொந்தத் தொழிலாளர்கள் பலர். இரண்டுக்கும் சுழலி காரணமல்ல. ஆனாலும் ஊர் அதைத்தானே பேசும்? அவர் பின்வாங்கவில்லை. 1906-இல் டிரெட்நாட் போர்க்கப்பலிலும், 1907-இல் லுசிடேனியா, மாரிடேனியா என்னும் மாபெரும் பயணிக் கப்பல்களிலும் அவருடைய சுழலிகளே ஓடின. மாரிடேனியா அட்லாண்டிக்கைக் கடக்கும் வேகச் சாதனையை 1929 வரை தன்னிடமே வைத்திருந்தது.

வேகம் கூடியபோது பழைய எதிரி புதிய முகத்தோடு வந்தது. விசிறிகள் இப்போது கப்பலைத் தள்ளின. ஆனால் தாங்களே அரித்துப்போயின. உறுதியான வெண்கலத்தால் வார்த்த இதழ்களில் குழிகள் விழுந்தன. குழிகள் பெருகி, இதழ் தேன்கூடுபோல் ஆயிற்று. முதல் உலகப் போரின்போது அதிவேகப் போர்க்கப்பல்களில் இது கடற்படைக்குப் பெரும் தலைவலி. ஏன் அரிக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உப்பு நீரின் வேதிவினை என்றார்கள் சிலர். மின்பகுப்பு என்றார்கள் வேறு சிலர். வார்ப்பாலையின் உலோகக் கலவை சரியில்லை என்பதும் ஒரு வலுவான கட்சி. இந்த வரியைப் படித்தபோதுதான் நான் எழுந்து சென்று அலமாரியிலிருந்த இம்பெல்லரைக் கையில் எடுத்தேன்.

இக்கேள்வியை ஆராயும் பொறுப்பு பார்சன்ஸிடம் வந்தது. அவரும் அவருடைய உதவியாளர் ஸ்டான்லி குக்கும் ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே சோதித்தார்கள். அவர்கள் முடிவில் குற்றவாளியாக நின்றது குமிழ்தான். அதுவும் குமிழ் பிறப்பதல்ல, சாவது. அழுத்தம் குறைந்த இடத்தில் தோன்றும் குமிழ், நீரோட்டத்தோடு நகர்ந்து அழுத்தம் கூடிய இடத்துக்கு வரும்போது நொறுங்குகிறது. உள்ளே தடுப்பதற்குக் காற்று இல்லை, ஆவி மட்டுமே. அதுவும் நொடியில் நீராகிவிடுகிறது. சுற்றியுள்ள நீர் நாற்புறமிருந்தும் ஒரே புள்ளியை நோக்கிப் பாய்ந்து மோதுகிறது. குழாயைத் திடீரென மூடும்போது படாரென்று ஒரு சுத்தியடி கேட்குமே, அதுபோன்ற அடி, ஊசிமுனை இடத்தில் விழுகிறது. இயற்பியலாளர் ரேலி பிரபு 1917-இல் இதைக் கணக்கிட்டார். ஒரு வெற்றுக் குமிழ் தன் ஆரத்தில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும்போது, அருகிலுள்ள நீரில் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கைத் தாண்டுகிறது. எந்த வெண்கலம் இதைத் தாங்கும்?

பார்சன்ஸ் இதையும் கண்ணால் காட்டினார். கூம்பு வடிவக் குழல் ஒன்றைச் செய்து, அதன் குறுகிய முனையை மெல்லிய உலோகத் தகட்டால் மூடி, தண்ணீருக்குள் வேகமாக அழுத்தினார். கூம்பினுள் இருந்த வெற்றிடம் மூடியபோது, பாய்ந்து குவிந்த நீர் முனையிலிருந்த தகட்டைத் துளைத்துவிட்டது. வெறும் நீர்தான். 1919-இல் அவரும் குக்கும் தங்கள் முடிவுகளைக் கப்பல் பொறியாளர் கழகத்தின்முன் வைத்தார்கள். இதழை ஒட்டி நொறுங்கும் குமிழ் உருண்டையாகவே சுருங்குவதில்லை, உலோகத்தை நோக்கி ஊசிபோன்ற நீர்த்தாரையைப் பாய்ச்சுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தெரியவந்த செய்தி. அடிப்படை அவர்கள் சொன்னதே.

இதில் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது தேய்மானக் கணக்கு. இயந்திரத்தின் தேய்மானத்தை நாங்கள் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்பதுபோலச் சீராகக் கழித்துக்கொண்டே போவோம். குமிழ் அரிப்பு அப்படி நடப்பதில்லை. தொடக்கத்தில் நெடுநேரம் உலோகத்தில் எடையிழப்பே தெரியாது. மேற்பரப்பு ஓசையின்றி அடிவாங்கிக் களைத்துக்கொண்டிருக்கும். பிறகு ஒருகட்டத்தில் துணுக்குகள் உதிரத் தொடங்கி, அரிப்பு வேகமெடுக்கும். ஆக, கண்ணுக்குப் புதிதாகத் தெரியும் விசிறி, உண்மையில் தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டிருக்கக்கூடும்.

ஓட்டத்தின் தன்மையைப் பொறுத்தும் ஆயுள் மாறும். கப்பலின் உடலுக்குப் பின்னால் நீர் ஒரே சீராக வருவதில்லை. உடலை உரசி வரும் மேற்பகுதி நீர் மெதுவாக வரும். பக்கங்களில் வேகமாக வரும். மேலே செல்லும் இதழுக்கு மேல் நிற்கும் தண்ணீரின் ஆழமும் குறைவு. எனவே ஒவ்வொரு சுற்றிலும் இதழ் மேலே வரும்போது குமிழ் வளர்கிறது, கீழிறங்கும்போது நொறுங்குகிறது. நிமிடத்துக்கு நூறு சுற்று என்றால் நூறு முறை, ஏறக்குறைய அதே இடத்தில். ஆகவே விசிறியின் ஆயுளைக் கூட்ட நினைப்பவர், உலோகத்தை மாற்றுவதற்கு முன் கப்பலின் பின்புற வடிவத்தையும் இதழின் அகலத்தையும் வளைவையும் பார்க்கிறார். இன்று பெருங்கப்பல்களின் விசிறிகள் நிக்கலும் அலுமினியமும் கலந்த வெண்கலத்தால் வார்க்கப்படுகின்றன. அது பழைய கலவையைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆனாலும், ஓட்டம் கெட்டால் அதுவும் அரிக்கும்.

எல்லாவற்றையும்விட எளிய தீர்வு, விசிறியை மெதுவாகச் சுழற்றுவது. சுழலிக்கு வேகம் வேண்டும், விசிறிக்கு நிதானம் வேண்டும். இந்த இரண்டையும் நேரடியாகப் பூட்டியதுதான் பிழை என்று பார்சன்ஸ் உணர்ந்தார். வெஸ்பேசியன் என்னும் பழைய சரக்குக் கப்பலை விலைக்கு வாங்கி, சுழலிக்கும் விசிறிக்கும் இடையே பற்சக்கரங்களைப் பொருத்தி, வேகத்தை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைத்து 1910-இல் ஓட்டிக் காட்டினார். நிலக்கரிச் செலவும் குறைந்தது. உலகின் வேகமான கப்பலைச் செய்தவர், நிதானமாகச் செல்லும் சரக்குக் கப்பலுக்காக இவ்வளவு மெனக்கெட்டார்.

அவர் எல்லாவற்றிலும் வென்றவர் அல்லர். செயற்கை வைரம் செய்யப் பல ஆண்டுகளையும் பெரும் பணத்தையும் செலவிட்டார். கடைசியில், தானும் செய்யவில்லை, செய்ததாகச் சொன்ன பிறரும் செய்திருக்க வாய்ப்பில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். சொந்த வாழ்விலும் பேரிழப்பு. ஒரே மகன் 1918-இல் போர்முனையில் இறந்தார். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளை நடத்திய பெண்கள் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டதைக் கண்ட அவருடைய மனைவி கேத்தரினும், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்த மகள் ரேச்சலும், 1919-இல் பெண் பொறியாளர்களுக்கான சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானோர். 1927-இல் பார்சன்ஸுக்கு பிரிட்டனின் மிக உயரிய ஆர்டர் ஆஃப் மெரிட் விருது கிடைத்தது. பொறியாளர் ஒருவர் அதைப் பெறுவது அதுவே முதன்முறை.

1931 பிப்ரவரியில் டச்சஸ் ஆஃப் ரிச்மண்ட் என்னும் கப்பலில் மனைவியோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் கப்பல் இருந்தபோது, 11ஆம் தேதி, கப்பலிலேயே அவர் உயிர் பிரிந்தது. அந்தக் கப்பலை ஓட்டியவை பற்சக்கரம் பூட்டிய நீராவிச் சுழலிகள்.

எங்கள் கிணற்றுக்கு வருகிறேன். பம்பு, தண்ணீரை மேலே இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பம்பு செய்வதெல்லாம் தன் வாயில் அழுத்தத்தைக் குறைப்பதுதான். கிணற்று நீரின் மேல் அழுத்தும் காற்றே அதை மேலே தள்ளுகிறது. காற்றால் தள்ள முடிந்த உயரம் ஏட்டுக் கணக்கில் சுமார் பத்து மீட்டர். நடைமுறையில் ஆறேழு மீட்டரிலேயே சிக்கல் தொடங்கிவிடும். என் தந்தை 25 அடிக்கு, அதாவது ஏழரை மீட்டருக்கு மேல், நீட்டியிருந்தார். இம்பெல்லரின் வாயில் தண்ணீர் கொதித்தது. சில அங்குலம் தள்ளி, இதழ்களின்மேல் குமிழ்கள் நொறுங்கின. நாங்கள் கேட்ட சரளைக்கல் சத்தம், அவை நொறுங்கும் ஓசை. இரும்பு நல்ல இரும்புதான். அதனால்தான் வெளிவிளிம்பு இன்றும் வழவழப்பாக இருக்கிறது. மூன்று இம்பெல்லர்களும் ஒரே இடத்தில் அரித்திருந்ததைப் பார்த்தும் எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை.

சென்ற மாதம் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரரின் மகன் இருந்தார். அவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. நான் இன்னார் மகன் என்றதும் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். இம்பெல்லரைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். வகுப்பறையில் நான் சொல்லிவந்ததையும் சொன்னேன். அது சொல்வதற்குச் சிரமமாக இருந்தது. அந்தச் சண்டையைப் பற்றி அவருக்குப் பெரிதாக நினைவில்லை. தன் அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மோட்டாரை இறக்கி வையுங்கள் என்று சொல்லி, வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டவர் என்று மட்டும் சிரித்தபடி சொன்னார். இம்பெல்லரைத் திருப்பிப் பார்த்தார். நடுத்துளைக்குள் விரலைவிட்டுப் பொத்தல்களைத் தடவினார்.

அந்தக் கடையில் இப்போது திட்டில் வைக்கும் மோட்டார்கள் குறைவு. ஆழ்துளைக் கிணறுகளுக்கான நீர்மூழ்கி மோட்டார்களே சுவரோரம் வரிசையாக நின்றன. அவை தண்ணீருக்குள்ளேயே கிடந்து மேலே தள்ளுகின்றன. உறிஞ்சும் தொல்லை இல்லை. பத்து மீட்டர் என்ற இயற்கையின் வரம்பும் அவற்றுக்கு இல்லை. எங்கள் பகுதியில் நூற்றுக்கணக்கான அடிகளுக்குக் கீழே அவை இறங்கிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பற்றி அவரும் நானும் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தேநீர் வந்தது. கிளம்பும்போது, இம்பெல்லரைக் கடையில் வைத்துக்கொள்ளலாமா, வருகிறவர்களுக்குக் காட்ட உதவும் என்று கேட்டார். அடுத்தமுறை கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் கொடுக்கவில்லை.